தொப்பி போட்ட கிளி

பெருங்குப்பை வாரம் வந்துவிட்டால் நோலீனுக்கு வீட்டில் கால் தரிக்காது. அந்த வாரம் அவரவர் வீட்டில் வேண்டாத சோபா, மேசை, மெத்தை எல்லாம் வேலிக்கு வெளியே புல்லுக்கு வந்துவிடும். நகராட்சி லாரி வருவதற்குள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வேலிக்கு உள்ளே இருப்பது சொந்தக்காரருடையது, புல்லில் இருப்பது ஊருடையது. வாட்டில் தெருவில் அதற்கு மேல் சட்டம் கிடையாது. நோலீன் பட்டப்பகலில் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு கம்பீரமாகப் போய் எடுப்பாள். அவள் கணவர் ராஸ் காரில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, முகத்தைத் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு பின்னால் வருவார்.

இந்தத் தடவை மாட்டியது ஒரு கட்டிலின் தலைமாட்டுப் பலகை. எதிர்வீட்டு க்ளெனிஸின் வேலிக்கு வெளியே, புல்லில் சாய்ந்து நின்றது. உயர்ந்த மரம். நடுவில் ஒரு கிளியைச் செதுக்கியிருந்தார்கள். கிளி என்று சொல்வது நோலீனின் பெருந்தன்மை. மற்றவர் கண்ணுக்கு அது ஜலதோஷம் பிடித்த கோழிதான். க்ளெனிஸ் அப்போது பெண்டிகோ ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். புல்லில் கிடப்பதற்கு அனுமதி எதற்கு?

ஷெட்டில் கால் ஆடிக்கொண்டு கிடந்த டீப்பாய்க்கு அன்றைக்குத்தான் விடிந்தது. நோலீன் அதன் கால்களை முடுக்கி, பின்பக்கம் பலகையை நிறுத்தித் திருகினாள். பலகை அகலமாக இருந்ததால் இரண்டு பக்கமும் ரம்பம் போட்டாள். உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பார்த்து, பச்சைப் பெயின்ட் அடித்தாள். கிளியை மட்டும் அறுக்க மனம் வரவில்லை. ஸ்பாஞ்சை அளவுக்கு வெட்டி, கோடுபோட்ட துணியை மேலே இழுத்துப் பிடித்து, அடியில் படபடவென்று ஸ்டேப்ளர் அடித்தாள். முன்வாசல் நடையில் போட்டதும் அம்சமாக இருந்தது பெஞ்சு. இனி பூட்ஸ் கழற்ற ஒற்றைக்காலில் தள்ளாட வேண்டாம். உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

ராஸும் உட்கார்ந்து பார்த்தார். "கோழி முதுகுல குத்துதே, நோலி."

"அது கிளி. நேரா உக்காந்தா குத்தாது."

க்ளெனிஸ் ஊர் திரும்பியதும் தெருவே அதிர்ந்தது.

"என் கட்டில் பலகையத் திருடிட்டாங்க! பெயின்ட் அடிக்கிறவன் ரூமைக் காலி பண்றேன்னு வெளிய சாச்சு வெச்சிருக்கான். அதுக்குள்ள எவளோ தூக்கிட்டா! அக்கா புருஷன், எங்க அத்தான், கையால செதுக்குனது!"

இறைச்சிக் கடையில் சொன்னாள், நூலகத்தில் சொன்னாள், நாயைக் கூட்டிப் போனவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னாள். "யாருன்னு மட்டும் தெரியட்டும். ஜென்மத்துக்கும் என் வாசப்படிய மிதிக்க விடமாட்டேன்!"

நோலீன் முன்கதவைச் சாத்தினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் க்ளெனிஸ் வீட்டில் சீட்டுக் கச்சேரி. சத்தம், கேக், அழுகுணி ஆட்டம் எல்லாம் உண்டு. மற்ற நாட்களை நோலீன் ஓட்டுவதே அந்த ஒரு சாயங்காலத்தை நம்பித்தான். அது போய்விட்டால் ராஸும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"போய் உண்மையச் சொல்லி, பலகையத் திருப்பிக் குடுத்துட்டு வந்துரு" என்றார் ராஸ்.

"எதைக் குடுக்க? பச்சையடிச்சு அறுத்ததையா?"

நோலீன் அவர் தொப்பியைக் கழற்றிக் கிளியின் தலையில் கவிழ்த்தாள். அளவெடுத்தது போலப் பொருந்தியது. "மாட்டுறதுக்கு இடமாச்சு. எடுத்தே, தொலைஞ்சே" என்றாள்.

புதன்கிழமை நல்ல மழை. கை நிறைய எலுமிச்சம்பழத்தோடு க்ளெனிஸ் நுழைந்தாள்.

"அடி இவளே, புதுப் பெஞ்சா! சொல்லவே இல்ல?" பொத்தென்று உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். "மெத்துனு இருக்குடி. எங்க புடிச்ச?"

"ஷெட்டுல கெடந்த டீப்பாய்தான்" என்றாள் நோலீன். பாதி உண்மைதானே.

அந்த நேரம் பார்த்து ராஸ் வந்தார். தபால் பெட்டியைப் பார்த்துவர வேண்டுமாம்.

"மழை விட்டதும் போயேன்" என்றாள் நோலீன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதுக்குத்தானே தொப்பி" என்று கிளியின் தலையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு மனுஷன் நிம்மதியாகப் போய்விட்டார்.

க்ளெனிஸ் திரும்பினாள். பச்சைக் கிளி அவளையே பார்த்தது. அவள் கிளியின் மூக்கை விரலால் தொட்டாள்.

"புல்லுல இருந்துச்சு, க்ளெனிஸ். சத்தியமா..."

"அறுத்துட்டியா?"

"அறுத்துட்டேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"ஆமா."

"திரும்பச் சேத்து ஒட்ட முடியுமா?"

"முடியாது." நோலீனுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னை வெள்ளிக்கிழமை வராதேன்னு மட்டும் சொல்லிடாதடி."

க்ளெனிஸ் எழுந்து போய் வாசலில் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து பெஞ்சில் சாய்ந்தாள்.

"அப்பாடா!" என்றாள். "பெயின்ட்காரனைப் புல்லுல வைக்கச் சொன்னதே நான்தான்டி."

நோலீன் வாயைப் பிளந்தாள்.

"கல்யாண நாள் பரிசுன்னு அத்தான் செதுக்கிக் குடுத்தாரே, அன்னைலேருந்து எழும்புறப்ப எல்லாம் இந்த மூக்கு மண்டையில கொத்துது. பாரு." முடியை விலக்கி ஒரு தழும்பைக் காட்டினாள். "தூக்கிப் போட்டேன்னா அக்கா என்னை உயிரோட விடுவாளா? திருடு போச்சுன்னாதான் எனக்கு விடிவு. அதான் அந்தக் கத்து கத்துனேன். பெண்டிகோ வரைக்கும் கேக்கணும்ல?"

"அடிப்பாவி! நான் ராத்தூக்கமே இல்லாம கெடந்தேன்."

"நான் இப்பதான் நல்லாத் தூங்குறேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் டீப்பாயின் கால் மறுபடி ஆடியது. நனைந்துபோய் உள்ளே வந்த ராஸ் விழித்தார். க்ளெனிஸ் அவர் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கி, கிளியின் கண் வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"இத இனிமே தொடாத ராஸ். இந்த வெள்ளிக்கிழமை சீட்டுக்கு அக்காவும் அத்தானும் வர்றாங்க. இங்கயும் எட்டிப் பார்ப்பாங்க."

"அப்ப நான் வரலாமா?" என்றாள் நோலீன்.

"வராம? கேக் உன் பொறுப்பு." க்ளெனிஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று குரலைத் தாழ்த்தினாள். "கால்மாட்டுப் பலகை இன்னும் என்கிட்டதான் இருக்கு. அதுலயும் ஒரு கிளி, கால் கட்டைவிரலக் கொத்துது. நாளைக்குப் புல்லுல வைக்கிறேன். வந்து திருடிட்டுப் போ."