ஒண்ணுமில்லைக்குப் போகும் வழி

ரேடியோ என்றால் தீவில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் இருந்தது. படகில் வந்து இறங்கும் பயணிகளை வேனில் ஏற்றித் தீவைச் சுற்றிக் காட்டுவது அவன் தொழில். வண்டி நின்றாலும் வாய் நிற்காது என்பதால் அந்தப் பட்டம். தீவைப் பற்றி ஆரம்பித்தால், சுற்றிலும் கடலை ஊற்றி வைத்ததே தன் தாத்தாதான் என்பது போல அளப்பான். சொல்வதில் கொஞ்சம் பொய் உண்டு. கர்வம் மட்டும் கலப்படமில்லாதது.

அப்படிப்பட்டவன் அன்று காலை வேனை இரண்டு தடவை துடைத்தான். வேனில் ஏறியிருந்தது ஒரே ஒரு பயணி. அவன் மனைவி.

கல்யாணமாகி அக்கரையிலிருந்து அண்மையில்தான் வந்திருந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். லேபிளைப் படிக்காமல் எதையும் நம்ப மாட்டாள். அவளுடைய அண்ணன் நகரத்தில் ஒரு கம்பெனியில் இவனுக்கு டிரைவர் வேலை பேசி வைத்துவிட்டு, ‘அந்தத் தீவுல என்னம்மா இருக்கு, கிளம்பி வாங்க’ என்று தினமும் போன் செய்துகொண்டிருந்தார். போவதா இருப்பதா என்று வீட்டில் பேச்சு முற்றியபோது அவளே ஒரு முடிவு சொன்னாள்.

“ஒரு நாள் முழுக்கச் சுத்திக் காட்டுங்க. பாத்துட்டு அண்ணனுக்கு நானே பதில் சொல்லிடறேன். போலாம்னு சொன்னேன்னா நீங்க மறுபேச்சு பேசக் கூடாது.”

ரேடியோவைப் போய் மறுபேச்சு பேசாதே என்றால் எப்படி? ஆனாலும் ஒப்புக்கொண்டான். அவளை விட்டுவிட்டு இங்கே இருக்க அவனால் முடியாது. தீவை விட்டுவிட்டு இன்னொருவன் காருக்குக் கதவு திறந்துவிடவும் மனசு வரவில்லை.

முதலில் அருவிக்குப் போனார்கள். பழக்க தோஷம், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் வாய் தானாக ஓடியது.

“இடது பக்கம் பாத்தீங்கன்னா அருவி. எந்தக் கோடையிலயும் வத்தினதா சரித்திரமே இல்ல. இந்தத் தண்ணியில குளிச்சவங்களுக்கு...”

“யாருக்குச் சொல்றீங்க? பின்னாடி சீட்டுல யாரும் இல்லையே?”

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அருவியடியில் ஒரு கூட்டம் பாட்டுப் பெட்டியை அலறவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தது. அவள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு “நல்லாருக்கு” என்றாள். புளிக்கும் மோரைக் குடித்துவிட்டுச் சொல்கிற நல்லாருக்கு அது. அடுத்து குகை. ஆயிரம் வௌவால்கள் ஒரே நேரத்தில் சிறகடிக்கும் அழகை அவன் வர்ணித்து முடிப்பதற்குள், மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டாள். கடைசியாக, தன் கையிருப்பில் பெரியது என்று அவன் வைத்திருந்த உச்சிப்பாறை. அங்கிருந்து நாலு திசையும் கடல் தெரியும். அவள் ஒரே திசையைத்தான் பார்த்தாள். அக்கரை புகைபோலத் தெரிந்த திசை. அதைக் கண்டதும் அவன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தான்.

இறங்கி வரும் வழியில், தார் ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை பிரிகிற முக்கில், அவன் சித்தியின் டீக்கடை. வேனை நிறுத்தினான்.

“இந்தப் பாதை எங்க போகுது? அங்க என்ன இருக்கு?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்லை” என்றான்.

“அப்ப அவ்வளவுதானா உங்க தீவு?”

கம்பெனிக்கு வெள்ளைச் சட்டை போட வேண்டியிருக்குமோ என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். சித்தி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்:

“என்ன மருமகளே, எல்லாம் பாத்தாச்சா? ஒண்ணுமில்லைக்குப் போனீங்களா?”

“ஒண்ணுமில்லைன்னுதான் இவர் சொல்லிட்டாரே சித்தி.”

“ஆமா, ஒண்ணுமில்லைதான். போகலையா? காலையிலகூட என் பொண்ணு ஒண்ணுமில்லைக்குப் போய்க் குளிச்சிட்டுதான் வந்தா.”

டீ கிளாஸ் அவள் உதட்டருகே நின்றது. “அது... ஊர் பேரா?”

“பின்ன?” என்றாள் சித்தி.

தீவின் அந்த மூலையில் வலை போட்டால் மீன் விழாது, தென்னை வைத்தால் பிழைக்காது. அந்தக் காலத்தில் யாரோ ‘அங்க ஒண்ணுமில்லை’ என்று சொன்னது அப்படியே பெயராகிவிட்டது. அன்றிலிருந்து வெளியூர்க்காரர்கள் வழி கேட்பதும், தீவுக்காரர்கள் உள்ளதைச் சொல்வதும், கேட்டவர்கள் வண்டியைத் திருப்புவதுமாக இருக்கிறது. அதில் ஏதோ இடிக்கிறது என்று தீவில் ஒருவருக்கும் உறைத்ததில்லை, வாயையே மூலதனமாக வைத்திருக்கும் ரேடியோ உட்பட.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். புடவைத் தலைப்பில் டீ கொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

“எடுங்க வண்டிய” என்றாள்.

“அங்க நிஜமாவே ஒண்ணுமில்ல...”

“எடுங்கன்னு சொல்றேன்ல!”

மண்பாதை தாழம்புதரில் போய் முடிந்தது. புதரைத் தாண்டினால் கரும்பாறைகள். கடல் உள்வாங்கியிருந்த நேரம். பாறைக்குப் பாறை பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு குடித்தனம் நடந்துகொண்டிருந்தது: நட்சத்திர மீன், நகம் அளவு நண்டு, கோடு போட்ட குஞ்சு மீன்கள். அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஒவ்வொரு பள்ளமாகக் குந்திப் பார்த்தாள். இந்த இடத்துக்கு அவனிடம் ஒரு வரிகூடத் தயாராக இல்லை.

அலை தொடும் இடத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே, மணல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நெற்றியைச் சுருக்கினாள். ஓரடி தள்ளிக் கடலைத் தொட்டு நக்கினாள். முகம் கோணியது. திரும்பி வந்து கைநிறைய அள்ளிக் குடித்தாள்.

“ஏங்க! இது நல்ல தண்ணி! கடலுக்குள்ள நல்ல தண்ணி!”

“ஆமா, ஊத்து. அலை ஏறினா மூடிக்கும், இறங்கினா மறுபடி வரும். நாங்க சின்னப் புள்ளைல குளிச்சிட்டு இதுலதான் வாய் கொப்பளிப்போம்.”

“வாய் கொப்பளிப்பீங்களா!” அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். “இதை வச்சுக்கிட்டா என்னை வௌவால் நாத்தத்துல நிக்க வச்சீங்க? உங்களுக்கெல்லாம் கண்ணு எங்க இருக்கு?”

வாழ்நாளில் இவ்வளவு இனிமையான திட்டை அவன் வாங்கியதில்லை. குனிந்து அவனும் ஒரு கை அள்ளினான். சில்லென்றிருந்தது. எல்லாப் பக்கமும் உப்பு சூழ்ந்திருக்க, இது மட்டும் தன் பாட்டுக்கு இனித்துக்கொண்டிருக்கிறதே என்று அன்றுதான் தோன்றியது. இது என் மண் என்று கர்வமாக இருந்தது. அந்தக் கர்வத்தை நிமிர்த்தி வைக்க ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை.

அப்போது போன் அடித்தது. அவளுடைய அண்ணன். ஈரக் கையாலேயே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ரேடியோ தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். மறுபேச்சு பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

“என்னம்மா, சுத்திப் பாத்தாச்சா? அடுத்த வாரம் கிளம்பறீங்கதானே?”

“இன்னும் பாத்து முடிக்கலண்ணா.”

“இத்தனூண்டு தீவு. அதைப் பாத்து முடிக்க எவ்வளவு நாள் வேணும்?”

“தெரியல. வருஷக் கணக்காகும் போலிருக்கு. அந்த வேலைய வேற யாருக்காச்சும் சொல்லிடுங்க” என்றாள். பிறகு, அவர் வாயைத் திறப்பதற்குள், “நீங்க அண்ணியைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை வாங்கண்ணா. எங்க ஊரை நான் சுத்திக் காட்டறேன்.”

‘எங்க ஊர்’ என்று சொன்னது அவளுக்கே தெரிந்ததோ என்னவோ, அதற்குள் அண்ணியின் நலம் விசாரிக்கப் போய்விட்டாள். ரேடியோவுக்குத் தெரிந்தது. அவன் பாறைமேல் உட்கார்ந்து, அவள் பேசி முடிக்கும்வரை, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.