அக்கிக்கு வேப்பிலை கட்டுவதில்லை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தியாகதுருகம் கடைத்தெருவில் கயிறு, சாக்கு, தார்ப்பாய் விற்கிற காஜா மைதீனின் மனைவி நூர்ஜகான் என்றால் தெரியாதவர்களுக்குக்கூட என் குரல் தெரியும். கீழே கடை, கடைக்குப் பின்னால் குடோன், மேலே வீடு. நான் மாடியில் பேசினால் கல்லாவில் இருக்கிற அவர் எதிரே நிற்பவரிடம் "ஒண்ணும் இல்ல, நீங்க சொல்லுங்க" என்பார். முப்பது வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் டிசம்பரில் புயல் மழை வந்ததே, அப்போது நடந்தது இது. மூன்று நாள் விடாத மழை. ஏரி உடைந்து, அதன் கீழே இருந்த காலனிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எங்கள் கடையில் மூட்டை தூக்கும் சின்னதுரையின் வீட்டில் பக்கச் சுவர் விழுந்தது. அவரும், அவர் மனைவி தைலம்மாளும், மருமகள் ஆண்டாளும் நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஆண்டாளுக்கு எட்டாம் மாதம். அவள் புருஷன் அய்யனார் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தான். ரோடு துண்டுபட்டு அவனால் வரமுடியவில்லை.

இதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைத்தாச்சிப் பெண்ணைப் பெஞ்சிமேல் படுக்க வைப்பதா என்று கத்தி, அவர்களைக் கூட்டிவரச் சொன்னேன். அவர்கள் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியப்பன் குடும்பமும் கூடவே வந்தது. மொத்தம் ஏழு பேர். கூடத்தில் பாயை விரித்துப் போட்டேன். ரம்ஜானுக்கு மட்டும் இறக்குகிற அண்டாவை இறக்கி உலை வைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அவர்கள் வருவதற்கு நான்கு நாள் முன்பே எனக்கு வலது இடுப்பில் அக்கி வந்திருந்தது. முதலில் மிளகாய் அரைத்துத் தடவியதுபோல் எரிந்தது, பிறகு முதுகிலிருந்து வயிறு வரைக்கும் கொப்புளம் கொப்புளமாக வரிசை கட்டியது. குயவர் வீட்டு லட்சுமியம்மாள் வந்து, காவியைக் குழைத்து, கோழியிறகால் கொப்புளத்தைச் சுற்றி எழுதிவிட்டுப் போனாள். உடம்புச் சூடுதான், தினமும் எழுதினால் வாடிவிடும் என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

எங்கள் பக்கத்தில் அம்மை வேறு, அக்கி வேறு. ஒரு வீட்டில் அம்மை போட்டிருந்தால் வாசலில் வேப்பிலை தொங்கும். பால்காரர் படிக்கு வெளியே நின்றே பாலை வைத்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் தொழுகிற ஜனம்தான் என்றாலும் வேப்பிலையோடு யாரும் வாதாடுவதில்லை. எனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டபோது என்னைப் பெற்ற அத்தாவே வாசலில் ஒரு கொத்தைச் செருகினார். ஆனால் அக்கிக்கு யாரும் வேப்பிலை கட்டுவதில்லை. காவி எழுதிக்கொண்டு கல்யாணத்துக்கே போய் வருவார்கள். என் வீட்டில் அம்மை இருந்திருந்தால் அந்தப் பெண்ணை மாடிப்படி ஏறவே விட்டிருக்கமாட்டேன். வந்திருந்தது அக்கி என்பதால் நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஆண்டாளுக்குத் தாய் கிடையாது. எனக்கு இரண்டு மகள்கள் இருந்தும், பெரிய ஆஸ்பத்திரி வேண்டும் என்று அவரவர் மாமியார் சென்னையிலேயே வைத்துப் பிரசவம் பார்த்துவிட்டார்கள். மகள்களுக்குச் செய்ய முடியாமல் போனதையெல்லாம் இவளுக்குச் செய்தேன். முருங்கைக்கீரை சூப்பு வைத்தேன். என் பருத்திப் புடவையைக் கட்டச் சொன்னேன். பக்கத்தில் உட்கார வைத்துத் தலை துவட்டினேன், சிக்கெடுத்தேன். அவளும் பூனைக்குட்டி மாதிரி என் மேல் சாய்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலை சமையலறையில் நான் குனிந்து அண்டாவை நகர்த்தினேன். முந்தானை விலகியது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தைலம்மாள் அந்தக் காவியைப் பார்த்துவிட்டாள். கத்தி நின்றது.

"அக்கியா பாயம்மா?" என்றாள். ஆமாம், ஒரு வாரமாகிறது, வெறும் சூடு என்றேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், மூக்கில் இரண்டு அம்மைத் தழும்பு உள்ளவள், அதுவரை என் முன்னால் உட்காரக்கூடத் தயங்கியவள். அவள் சொன்னாள்:

"கோச்சுக்காதீங்க. ஆண்டாளு பக்கத்துல இனிமே நீங்க வராதீங்க. அதுக்கு அம்மை போட்டதே இல்ல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வீட்டில், என் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு என்னை வராதே என்கிறாளா? அக்கிக்கும் அம்மைக்கும் என்னடி சம்பந்தம் என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. களமருதூரில் அவள் அக்கா காசியம்மாள் வீட்டில், அக்காவின் மாமனாருக்கு அக்கி இருந்ததாம். அவர் துணியோடு துணியாகப் பிள்ளைத்தாச்சியாய் இருந்த அக்கா மருமகளின் துணியும் கிடந்ததாம். அவளுக்கு அம்மை கண்டது. அது இறங்குவதற்குள் பிள்ளை பிறந்தது. அந்தக் குழந்தைக்கும் உடம்பெல்லாம் பூத்து, ஒன்பதாம் நாள் இல்லாமல் போனது. அங்கே வந்த நர்சு அம்மா எல்லாரையும் நிற்க வைத்துத் திட்டி இதைச் சொல்லிக்கொடுத்தார்களாம்.

எல்லாம் என் காதில் விழுந்தது. ஆனால் ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. "என் சோறு தொண்டையில எறங்குது, நான் மட்டும் ஆவாதா? உண்ட வூட்டுக்கு ரெண்டகம் பண்றியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது கூடத்தில் இருந்தவர்கள் எல்லார் காதிலும் விழுந்திருக்கும்.

தைலம்மாள் நறுக்கிய வெங்காயத்தை மூடி வைத்தாள், கத்தியைக் கழுவினாள், கூடத்துக்குப் போய்த் துணிமணியை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். நானும் தடுக்கவில்லை.

சத்தம் கேட்டு மேலே வந்த என் கணவர் என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். பிறகு வழக்கமில்லாத ஒரு காரியம் செய்தார். குடையை எடுத்து என் கையில் கொடுத்து, "நாலு வூடு தள்ளித்தான டாக்டரம்மா இருக்காங்க, கேட்டுக்கினு வந்துடலாம் வா" என்றார். தைலம்மாள் சொன்னது பொய் என்று நிரூபித்துவிடுகிற எண்ணத்தில்தான் நான் கிளம்பினேன்.

டாக்டரம்மா என் இடுப்பைப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் கேட்டார். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டார். எனக்கு ஒன்பது வயதில் வந்த அம்மை போகவே இல்லையாம். நரம்பில் படுத்துத் தூங்கிக்கொண்டே இருந்து, நாற்பத்தைந்து வருடம் கழித்து அக்கியாக எழுந்திருக்கிறதாம். அந்தக் கொப்புளத்துத் தண்ணீர் பட்டால், அம்மை காணாதவர்களுக்கு அம்மை காணும். பிரசவ நேரத்தில் கண்டால் பிள்ளைக்கு ஆபத்து. நாற்பத்தைந்து வருடம் ஒரு விருந்தாளிக்கு எனக்கே தெரியாமல் சோறு போட்டிருக்கிறேன்.

அந்தப் பெண் தொட்டாளா, உங்கள் துணி அவள்மேல் பட்டதா என்று டாக்டரம்மா கேட்டார். முந்தின நாள் கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்ததும், அங்கே செருகியிருந்த துண்டை உருவித்தான் நான் ஆண்டாளுக்குத் தலை துவட்டினேன் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாய் நீளமானவளுக்கு வாய் வரவில்லை. என் கணவர்தான் எனக்காகச் சொன்னார்.

வீட்டுக்கு ஓடிவந்தபோது அவர்கள் கடை வாசலில் மூட்டையோடு மழை விடுவதற்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஆண்டாள் என்னைப் பார்த்ததும் ஒரு அடி எடுத்து வைத்தாள். அங்கேயே நில் என்று கையைக் காட்டிவிட்டு, நான் ரோட்டில் மழையில் நின்றபடி பேசினேன்.

"தைலம்மா, நீ சொன்னதுதான் சரி. நீங்க எல்லாரும் மேல போங்க. நான் குடோன்ல இருந்துக்கறேன். நான் பேசினத மன்னிச்சிடு."

அவள் ஆண்டாளை முன்னால் போகச் சொன்னாள். பிறகு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு படியேறினாள்.

ஆண்டாளின் ரத்தத்தைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிப் பார்த்ததில் அவளுக்கு அம்மை வந்ததற்கான அடையாளமே இல்லை என்று தெரிந்தது. டாக்டரம்மா அவளுக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தார். இருபத்தொரு நாள் தாண்டினால் பயமில்லை என்றார். எனக்கும் மாத்திரை கொடுத்து, காவியைக் கழுவிவிட்டு இடத்தை மூடி வைக்கச் சொன்னார்.

சாக்குக்கும் கயிற்றுக்கும் நடுவில் கட்டிலைப் போட்டுக்கொண்டேன். என் கணவர் கடையில் படுத்துக்கொண்டார். மேலே என் சமையலறையைத் தைலம்மாள் நடத்தினாள். கொளஞ்சியப்பன் குடும்பம் தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டது. இவர்கள் வீட்டுக்குச் சுவர் இல்லாததால் இங்கேயே இருந்தார்கள். என் தட்டை அவளே கொண்டுவருவாள். அவளுக்குத்தான் சின்ன வயதிலேயே அம்மை போட்டாகிவிட்டதே. வலி தாங்காமல் நான் முனகினால் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவாள். மேலே போவதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். என் துணியைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்ததும் அவள்தான். நான் அவளைச் சொன்ன சொல்லை ஒருநாளும் அவள் எடுத்துப் பேசவில்லை. குத்திக் காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தினமும் காலையில் அவள் ஜன்னலைத் திறந்து வைத்து வெளிச்சத்தில் ஆண்டாளின் உடம்பைப் பார்ப்பாள். பிறகு படியின் மேலிருந்து குரல் கொடுப்பாள்: "ஒண்ணும் இல்ல பாயம்மா." அதற்காக நான் விடியற்காலை ஃபஜர் தொழுகை முடிந்ததிலிருந்து படியடியில் நின்றுகொண்டிருப்பேன். பன்னிரண்டாம் நாள் குரல் வரவில்லை. கழுத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அந்தப் பகல் முழுக்க நான் ஒரு வாய் சோறு தின்னவில்லை. யா அல்லா, என் பிள்ளைகளுக்கு வருவதை எனக்குக் கொடு என்று கேட்டேன். யாரைப் பிள்ளைகள் என்று சொன்னேன் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். சாயங்காலம் அது கொசுக்கடி என்று தெரிந்தது. கொசுவுக்காக அல்லாவுக்கு நன்றி சொன்ன ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இருபத்தொன்று கடந்தது. இருபத்தாறாம் நாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஆண்டாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. உடம்பில் ஒரு பொட்டு இல்லை. அய்யனாரும் பெங்களூரிலிருந்து வந்துவிட்டான். நான்காம் நாள் ஆட்டோவில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து மேலே போனார்கள்.

எனக்கு அக்கி காய்ந்து பொருக்கெல்லாம் உதிர்ந்து பத்து நாளாகியிருந்தது. போகலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்குப் படியில் கால் வைக்க மனம் வரவில்லை. நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு, நான் தேய்த்த படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றேன். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

தைலம்மாள் இறங்கி வந்தாள். "இன்னா அங்கியே நின்னுக்கினு இருக்கீங்க?" என்றாள். நான் இடுப்பைத் தொட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு இரண்டு படி மேலே நின்று, "காட்டுங்க" என்றாள்.

நான் முந்தானையை விலக்கினேன். என்னை வராதே என்று சொல்ல இவள் யார் என்று கேட்டவள், இப்போது பள்ளிக்கூடப் பிள்ளை நகம் காட்டுவதுபோல் இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து, தழும்புகளை முதுகிலிருந்து வயிறு வரை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தாள். அவசரப்படவில்லை. அன்றைக்கு இவள் எங்கள் சோற்றை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தால் என்று எண்ணியபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சோறு போட்டவளை எதிர்த்துப் பேச எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருக்காது.

அவள் நிமிர்ந்து, என் முந்தானையைத் தன் கையாலேயே இழுத்துச் செருகினாள். பிறகு படியில் ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாங்க பாயம்மா," என்றாள். "உள்ள வாங்க."