பெண்கள் குழுவில் ஒரு துலிப்

கல்லூரிக்கு எதிரே இருந்த தேநீர்க்கடையில் வஹீத் உட்கார்ந்திருந்தான். தட்டில் மசித்த மொச்சைப் பயறு அடைத்த ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது, கண் கைப்பேசியில் இருந்தது. உள்ளே உயிர்வேதியியல் வகுப்பு நடந்தது. நூற்றுக்கணக்கான பேர் அடைந்து கிடக்கும் அந்த மண்டபத்தில், கடைசி வரிசைக்குப் பேராசிரியரின் மீசை அசைவது தெரியும், பாடம் கேட்காது. ஆகவே வஹீத் வகுப்புக்குப் போவதை எப்போதோ விட்டுவிட்டான். பாடம்தான் அவனைத் தேடிக் கைப்பேசிக்கே வந்துவிடுகிறதே.

வந்தது பெண்கள் குழுவிலிருந்து. மின்யா நகரத்தின் அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுப் பையன்களுக்கும் ஒரு குழு உண்டு. கால்பந்துச் சண்டை, கிண்டல், பரீட்சைக்கு முந்தின நாள் ‘யாராச்சும் படிச்சீங்களாடா?’ என்கிற ஓலம், இவ்வளவுதான் அதில். பெண்களோ முன்வரிசையில் உட்கார்ந்து பாடத்தைப் பதிவு செய்து, திரும்பக் கேட்டு எழுதி, சுருக்கி, அன்றைக்கே போட்டுவிடுவார்கள். ஆண் வாடை படக் கூடாத குழு அது. சேர வருகிறவள் பெண்தானா என்று தெரிய, முதலில் தன் குரலைப் பதிந்து அனுப்ப வேண்டும்.

அதற்கு வஹீத் தங்கை ஸபாஹைப் பிடித்தான். அவள் அடுப்படியில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு வரி சொல்லும்மா. ‘நானும் உங்க கிளாஸ்தான், சேத்துக்குங்க’ன்னு.”

“எதுக்குண்ணா?”

“படிக்கத்தான். அண்ணன் பாஸாவறது உனக்குப் புடிக்கலையா?”

அவள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். பேர் வைக்கும்போதுதான் வஹீதுக்கு ரோஷம் வந்தது. வீட்டுப் பெண்களின் பேரை நாலு ஆண்கள் முன்னால் சொல்லக்கூடக் கூசுகிற குடும்பம் அது. அதனால் ‘துலிப்’ என்று வைத்து ஒரு பூப்படத்தையும் ஒட்டினான். பேருக்குப் பார்த்த மானத்தைக் குரலுக்குப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

மதிப்பெண் ஏறியது. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. பாடக்குறிப்பு எடுக்கப் போனவன் பேச்சையும் படிக்க ஆரம்பித்தான். எல்லோரையும்விட நன்றாகக் குறிப்பு எழுதுகிற ரவான், துலிப்புக்குத் தனியாகவே சந்தேகம் தீர்த்துவைத்தாள். நாளாக ஆகத் தன் கவலைகளையும் சொன்னாள். “எங்கப்பாவுக்கு நான் படிக்கறதுல இஷ்டமே இல்லடி. என்னப் பத்தி ஒரு பேச்சு வெளிய வந்தாப் போதும், அன்னியோட படிப்பு முடிஞ்சுதுன்னு சொல்லித்தான் அனுப்பறார்.” வஹீத் ஆறுதல் சொன்னான், பெண்பிள்ளை மாதிரியே. அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

பிறகு ரவானின் அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முந்தின மருதாணி இரவு வந்தது. கூந்தலை அவிழ்த்துவிட்டு ஆடுகிற தன் படத்தை ரவான் குழுவில் போட்டாள். ‘நம்ம பொண்ணுங்கதானே, பாத்துச் சொல்லுங்க’ என்று எழுதியிருந்தாள். தெருவில் அவள் தலைமுடியில் ஒரு இழையைக்கூட யாரும் பார்த்ததில்லை. வஹீத் உடனே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. தேநீர்க்கடையில் வைத்து மறுபடியும் எடுத்துப் பார்த்தான். பக்கத்தில் இருந்த ஷவ்கி எட்டிப் பார்த்தான். ஷவ்கி அவன் கூடப் படிக்கிறவன், எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவன்.

“யாருடா இது? நம்ம ரவான் மாதிரி இருக்கு?”

“யாருமில்ல, குடுடா.”

கைப்பேசி அதற்குள் ஷவ்கி கைக்குப் போயிருந்தது. திரும்பி வந்தபோது படம் அவனுடைய கைப்பேசிக்கும் போய்விட்டிருந்தது. மாலைக்குள் பையன்கள் குழு முழுக்க அதே படம்தான்.

“அழிச்சுடுடா, உன் கால்ல விழறேன்” என்றான் வஹீத்.

“எல்லாரும் பாத்தாச்சு, இனி எதை அழிக்க? நீ ரொம்பத் துள்ளினா, அது எங்கேர்ந்து வந்துதுன்னு நான் சொல்ல வேண்டியிருக்கும், துலிப்பு.”

அன்றிலிருந்து வஹீதுக்குச் சோறு இறங்கவில்லை. படம் கைமாறி ரவானின் அப்பா வரைக்கும் போய்விட்டது, அவள் வகுப்புக்கு வரவில்லை. பெண்கள் குழு கொதித்தது. உள்ளேயே ஒரு துரோகி இருக்கிறாள், எல்லோரும் மறுபடியும் குரல் அனுப்புங்கள் என்றார்கள். குழுவைவிட்டுப் போனால் அகப்பட்டுக்கொள்வான். இருந்தால் குரல் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ரவானிடமிருந்து செய்தி வந்தது, தன் தோழி துலிப்புக்கு.

“அப்பா புஸ்தகத்தையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டார். நானே யாரோ பையனுக்குப் படம் அனுப்பினேன்னு நினைக்கறார். உன்னைத் தவிர யாரையும் நம்ப முடியல. யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுடி.”

பாவி, அதைப் படித்துவிட்டு நேரே அடுப்படிக்குத்தான் போனான். “ஸபாஹ், இன்னொரு தடவ ஒரு வரி பேசணும்.”

இந்த முறை அவள் கேட்காமல் விடவில்லை. மழுப்பினான், அதட்டினான், கடைசியில் எல்லாவற்றையும் கக்கினான். ஸபாஹ் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்போ அந்தப் பொண்ணுங்க கதவை உனக்குத் திறந்துவிட்டது என் குரலா?”

“எனக்கு வேற வழி தெரியலம்மா. வெளிய சொன்னா அப்பா கொன்னுடுவார். காலேஜ்லேர்ந்து துரத்திடுவாங்க.”

“உனக்கு அடி விழும்ண்ணா. அவளுக்கு வாழ்க்கையே போவுது. அங்க என் படம் இருந்திருந்தா, யார் வாயத் திறக்கணும்னு எதிர்பாப்ப?”

வஹீத் கைப்பேசியை எடுத்து, முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில் பேசினான். “நான் வஹீத். துலிப்னு உள்ள வந்தவன் நான்தான். ரவான் யாருக்கும் எதுவும் அனுப்பல. படம் என் போன்லேர்ந்துதான் வெளிய போச்சு. என் தங்கச்சிகிட்டப் பொய் சொல்லித்தான் குரல் வாங்கினேன், அவ மேல தப்பில்ல.” இரண்டு குழுவிலும் அதைப் போட்டான். எண்ணைத் தேடிப் பிடித்து ரவானின் அப்பாவுக்கும் அனுப்பினான்.

அப்பாவிடம் வாங்கிய அடியில் கன்னம் வீங்கியது. கல்லூரி விசாரணை வைத்து, அந்தப் பருவத் தேர்வை அவன் எழுதக் கூடாது என்றது. ஷவ்கிக்கும் அதே தண்டனை. பெண்கள் தங்கள் குழுவையே கலைத்துவிட்டார்கள். படம் மட்டும் எத்தனை கைப்பேசிகளில் இன்னும் கிடக்கிறதோ, யாருக்கும் தெரியாது.

ரவான் தேர்வுக்கு வந்தாள். மகள் மேல் தப்பில்லை என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் ஊர் வாயை அவர் நம்பவில்லை. கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, தினமும் வாசல்வரை கூட வந்து, அவள் திரும்பும்வரை காவலிருந்தார். தப்பு செய்யாதவளுக்கு அதுதான் கிடைத்த விடுதலை.

விசாரணைத் தாளில் கையெழுத்துப் போட வந்த வஹீத், மண்டபத்து நடையில் அவள் எதிரே அகப்பட்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் கை காட்டி நிறுத்தினாள்.

“நோட்ஸ் வேணும்னு நேர்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே குடுத்திருப்பேன். கேக்கறதுக்கு உனக்கு வெக்கம், திருட்டுத்தனமா உள்ள பூர்றதுக்கு வெக்கமில்ல. போன்ல கதவு கண்ணுக்குத் தெரியாது வஹீத். அதுக்காக அடுத்தவங்க வீட்டுக்குள்ள நிக்கறோம்ங்கறது உனக்குத் தெரியாமப் போச்சா?”