மேற்பரப்பு இல்லாத இரும்பு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கொண்டுவந்து கொடுத்தவள் ஒரு கணக்குக்காரி. (அவளுடைய அண்ணன் வைத்த பட்டப்பெயர்.) உலோகத்துக்குள் இருக்கும் குறைகள் எப்படி நகர்கின்றன என்று கணினியில் கணக்குப் போடுவது அவள் வேலை.

"எங்க அண்ணி நீங்க எழுதுறத ஒண்ணு விடாம படிப்பாங்க. என்னால வாயால சொல்ல முடியல. நீங்க எழுதிடுங்க," என்றாள்.

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சரி என்றுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: இரும்புக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நடுவே ஒரு வரிசை பாதியில் நின்றுபோனால் அது குறை. பாரம் ஏற ஏற அது அடி அடியாக நகரும்...

(பாடப்புத்தகம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: அந்த மதியம் பிரஸ் மெஷினின் தண்டு உடைந்தபோது அண்ணன்

(இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் வேலை பார்த்த ஆலைக்கு, அந்தத் தண்டு பத்து வருஷம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். நாலாம் வருஷமே உடைந்தது.

முழுத் தண்டும் கணினிக்குள் அடங்காது. ஒரு துளியைத்தான் எடுப்பார்கள். அதற்கு ஒரு தந்திரம் உண்டு. வலப்பக்கம் வெளியேறும் குறை இடப்பக்கமாக உள்ளே வந்துவிடும்.* அதனால் அந்தத் துளிக்கு மேற்பரப்பே கிடையாது. நிஜத் தண்டுக்கோ மேற்பரப்பு இருக்கிறது. வெளியேறும் குறைகள் அங்கே தழும்பு வைக்கும். விரிசல் அங்கிருந்து தொடங்கும். அதை அவள் தனியாகப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

அண்ணனோ, "என் தங்கச்சி போட்ட கணக்குடா, அசையாது," என்று ஆலை முழுக்கப் பீற்றிக்கொண்டு அதன் பக்கத்திலேயே நின்றான்.

(* கணக்குக்குள் யாரும் வீட்டை விட்டுப் போவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

4

ஆலை, அவனுடைய அலட்சியம் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டது. அண்ணியும் நம்பிவிட்டாள்.

"எத்தன தடவ சொன்னேன், பார்த்து நில்லுங்கன்னு. கேட்டாரா மனுஷன்? நீ இருக்கியேன்னுதான் நான் உசுரோட இருக்கேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

கணக்குக்காரி தட்டைப் பார்த்தபடி தலையாட்டுவாள். சொன்னால் அண்ணன்மேல் விழுந்த பழி நீங்கும், அண்ணி அவளுக்கு இல்லாமல் போவாள். சொல்லாவிட்டால் செத்தவன் தலையிலேயே பழி. எட்டு மாதமாக அண்ணி போடுவதையெல்லாம் சாப்பிட்டு எழுந்துபோகிறாள்.

5

மாற்று முடிவு ஒன்று எழுதினேன். முன்வாசல் வழியாக வேலைக்குப் போன அண்ணன், பின்வாசல் வழியாக உள்ளே வந்து, தினமும் கேட்பதையே கேட்கிறான். "ஏ கணக்குக்காரி, இருக்கியா, இல்ல கணக்குலயே கரைஞ்சிட்டியா?"

எழுதிவிட்டு நானே அழுதேன். அவளிடம் காட்டினேன்.

"வேணாங்க. இதுவும் அதே தப்புதான்," என்றாள்.

6

ஆலை, தண்டு, வருஷம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அண்ணனுடைய அந்தக் 'கரைஞ்சிட்டியா' கேலியை மட்டும் மாற்றக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. அந்த வீட்டில் அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர், அவளும் அண்ணியும்.

மற்றவர்கள் தயவுசெய்து இங்கேயே புத்தகத்தை மூடிவிடுங்கள்.

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றார். இதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை. இந்தப் பக்கத்தை விரித்து உங்கள் மேஜையில் வைத்தவள், பக்கத்து அறையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.