மரீகே என்று ஒருத்தி இருக்கிறாளா

...முகவரி இருக்கிறது, சரி, முகவரி இருந்துவிட்டால் ஆயிற்றா, வரைபடத்தில் தட்டினால் நெதர்லாந்தின் ஊத்ரெக்ட்டில் சிவப்புச் செங்கல் கட்டடம் ஒன்று வந்து நிற்கிறது, கீழே சைக்கிள் கடை, மூன்றாம் மாடியில் வேலை தருவதாகச் சொல்கிற இந்த நிறுவனத்தின் பலகை, எழுத்து எழுத்தாகப் பெரிதாக்கிப் பார்த்தாயிற்று, ஆனால் பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாமே, லமீஸ்கூட நாளைக்கே சிரியாவில் இந்த ஸலமிய்யா ஊரில் தன் வீட்டு வாசலில் லண்டன் வங்கி என்று ஒன்றை மாட்டலாம், யார் கேட்கப் போகிறார்கள். விடுதிகளில் தங்கியவர்கள் அனுப்பும் புகார்களுக்கு வீட்டிலிருந்தபடி பதில் எழுத வேண்டும், அரபியிலும் ஆங்கிலத்திலும், அவ்வளவுதான் வேலை, சம்பளம் மட்டும் நிலப்பதிவு அலுவலகத்தில் அவள் ஓராண்டு முழுக்க முத்திரை குத்தி வாங்குவதை ஒரே மாதத்தில் தருகிறார்களாம்... தருகிறார்களா, தருவதாகச் சொல்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், சொன்னால் முத்திரை வேலையை விட வேண்டும், விட்டால் அரசாங்கம் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது. அப்புறம் அண்ணன் அத்ஹம் ஈராக்கின் எர்பிலிலிருந்து அனுப்பும் பணமும், அதோடு ஒட்டிக்கொண்டு வரும் புத்திமதியும்தான் கதி. “முப்பத்தாறு வயசுல இன்னும் என்னடி எதிர்பாக்குற? பேட்டரிக்கடை ஸுஹைர் நல்ல மனுஷன். பொண்டாட்டி செத்து ரெண்டு வருஷமாச்சு.” நல்ல மனுஷன்தான், கேட்காமலே வீட்டுக்கு ஒரு பேட்டரி கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனவன், மின்சாரம் இல்லாத நேரத்தில் இந்த இணையம் ஓடுவதே அவன் தயவில்... அவனிடமிருந்து தப்பிக்க அவன் பேட்டரியையே நம்பி உட்கார்ந்திருக்கிறாள், வெட்கங்கெட்ட பிழைப்பு.

பெண்களின் வாட்ஸாப் குழுவில் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள், முன்பணம் கேட்டால் போலி, போன மாதம் தொடங்கிய இணையதளம் என்றால் போலி, முகம் காட்டாவிட்டால் சந்தேகமே வேண்டாம். முன்பணம் கேட்கவில்லை, தளத்துக்குப் பதினோரு வயதாகிறது, மிச்சம் முகம்தான். உங்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நேற்று எழுதும்போதே கை கூசியது, ஐந்து நிமிடத்தில் மரீகே என்று ஒருத்தியிடமிருந்து பதில், மகிழ்ச்சியோடு, நாளை காலை பதினொரு மணிக்கு. இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறாளே, அதுவே உறுத்துகிறது, நிஜமானவளாக இருந்தால் கொஞ்சமாவது கோபம் வர வேண்டாமா? முகத்தையும் இப்போதெல்லாம் கணினியில் செய்துவிடுகிறார்களாமே, உதடு அசைகிறதாம், கண் சிமிட்டுகிறதாம், என்ன ஏமாற்றுக்கார உலகம், மனுஷியை மனுஷி என்று நம்புவதற்கு இத்தனை சோதனை. விண்ணப்பத்தில் லமீஸின் முகவரி ஜோர்டானின் அம்மான் நகரம், மாமன் மகள் ரஹஃபின் வீடு, அதை யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள், இந்த ஊரில் வேலை தேடுகிற எவளை எடுத்தாலும் காகிதத்தில் அம்மானிலோ பெய்ரூத்திலோதான் குடியிருப்பாள், பெண் பார்க்க வரும்போது வயதில் இரண்டைக் குறைத்துச் சொல்வதில்லையா, அது மாதிரி.

பதினொன்றுக்குச் சரியாக முகம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய முகம், சீவாத நரைமுடி, மூக்குநுனியில் கண்ணாடி. செய்த முகமானால் கை குறுக்கே வந்ததும் கலைந்துவிடுமாம், குழுவில் சொல்லித் தந்தபடி லமீஸ் கேட்டேவிட்டாள், தப்பாக நினைக்காதீர்கள், கையை முகத்துக்குக் குறுக்கே ஒருமுறை ஆட்டிக் காட்ட முடியுமா? மரீகே சிரித்தாள், வேகமாக ஆட்டியதில் கண்ணாடி தெறித்து மடியில் விழுந்தது, அதைத் துடைத்துக்கொண்டே, நீங்கள் கேட்டது ரொம்பச் சரி என்றாள், எழுந்து கணினியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கே போனாள்... மழை, நனைந்த சைக்கிள்கள், எதிர்வீட்டுச் செங்கல். இருக்கிறாள். நிஜமாகவே மரீகே என்று ஒருத்தி இருக்கிறாள், வேலையும் இருக்கிறது, ஸுஹைரின் பேட்டரியை நாளைக்கே கழற்றித் திருப்பிக் கொடுக்கலாம், அண்ணனிடம் குரல் உயர்த்திப் பேசலாம். “இப்போது உங்கள் முறை,” என்றாள் மரீகே. எங்களுக்கும் போலிகளால் தொல்லைதான், எல்லோரிடமும் கேட்பது, ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டுங்கள், என் மருமகள் அம்மான்காரி, அந்த மலைகளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! மலையா? வெளியே தோசைக்கல்லாய்க் கிடக்கிறது ஸலமிய்யா, ரொட்டிக்கடை வரிசையில் நிற்பவர்கள் வாங்கிய ரொட்டியைக் கார் மூக்கில் பரப்பி ஆறவைக்கிறார்கள், மலையே இல்லாத ஊரில் மலைக்கு எங்கே போவாள்? ஜன்னல் திறக்க வராது என்று சொல்லலாம், தொடர்பு சரியில்லை என்று துண்டிக்கலாம், வாய்வரை வந்தது, அந்த நனைந்த சைக்கிள்களைப் பார்த்திராவிட்டால் சொல்லியிருப்பாள். “நான் அம்மானில் இல்லை,” என்றாள். சிரியாவில் இருக்கிறேன். மரீகே கண்ணாடியைக் கழற்றினாள், மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள், சிரியாவுக்குச் சம்பளம் அனுப்பத் தடை என்றாள், சட்டம் என்றாள், வங்கி என்றாள், முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றாள். “சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” மரீகே கழற்றிய கண்ணாடியை மேசைமேல் வைத்தாள். “விண்ணப்பத்தைத் திறந்திருக்க மாட்டோம்.” அதையும் பாவி நேர்மையாகவே சொன்னாள்.

திரை இருண்டு எவ்வளவு நேரமாயிற்று... அம்மா மத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், வெந்நீரை ஊற்றி, உறிஞ்சுகுழலை மகள் பக்கம் திருப்பினாள்.

“என்னடி ஆச்சு? ஆளு நெசமா, பொம்மையா?”

“போலிம்மா.” 

ஏன் அப்படி வந்தது? நிஜம் என்றால் பிறகு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்பாள், நான் பொய் சொன்னதால் என்று சொல்ல வேண்டும், இல்லை, இங்கே இருப்பதால் என்று சொல்ல வேண்டும், இரண்டில் எது காரணம் என்று தனக்கே தெரியாதபோது அம்மாவுக்கு எதைச் சொல்வது? போலி என்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது. அம்மாவின் முகத்தைப் பார், என்ன நிம்மதி, மாதக்கணக்கில் தொடாத கை தலையை வருடுகிறது.

“நான்தான் அப்பவே சொன்னேன்ல கண்ணு? வீட்ல உக்காந்திருக்கிறவளுக்கு அவ்ளோ சம்பளம் எந்த மடையன் குடுப்பான்? குழுவுல அவ பேரை எழுதிப் போடு, மத்த பொண்ணுங்களாவது தப்பிக்கட்டும். அவ கை ஒடிஞ்சு போக! நம்ம வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டவ நல்லாவே இருக்க மாட்டா, அல்லாஹ் பாத்துக்குவான்!”

“ஆமீன்,” என்றாள் லமீஸ். மத்தேயை உறிஞ்சினாள், நாக்கு சுட்டது. அம்மாவின் மனசுக்காகச் சொன்னதாகத்தான் நினைத்தாள், இல்லை, மனசாரத்தான் சொல்லியிருக்கிறாள்.