இடது பக்கம் நோய், வலது பக்கம் கதை

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, சோம்பலில் பிறந்தது. மாலை வகுப்பில் ஒரு கதை எழுதி வரச் சொன்னார்கள். கடைக்குப் போய்ப் புது நோட்டு வாங்கச் சோம்பல். அக்காவின் உடல்நிலையை நான் தினமும் குறித்துவரும் நோட்டில் வலது பக்கங்கள் காலியாக இருந்தன. (சுத்தமான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.)

2

முதல் தொடக்கம்: "ஓர் இனிய காலைப்பொழுதில் அக்காவின் விரல்கள்..." வேண்டாம். காலையில்தான் அவை மடங்கவே மாட்டேன் என்கின்றன.

இரண்டாம் தொடக்கம்: அக்கா காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர். இரண்டு வருடம் அடங்கிக் கிடந்த மூட்டுவாதம், ஒரு சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு கிளம்பிவிட்டது. கிருமியை விரட்டப் புறப்பட்ட உடம்பின் காவல்படை, கிருமி ஓடிய பிறகும் கம்பைக் கீழே போடாமல் வீட்டுக்காரியையே அடிக்கிறது. [இந்த உவமையை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு வேறு கிடைக்கவில்லை.]

"இன்னிக்கு ஒரு பெரியவர், 'என்னம்மா, வாயில எதையோ வச்சுக்கிட்டுப் பேசுறே'ன்னு சைகையில கேட்டாருடி," என்றாள் அக்கா. "திங்கட்கிழமையும் இப்படியே வீங்கியிருந்தா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

3

காய்ச்சலைக் கொண்டுவந்தது யார்? நான்தான். வகுப்பில் பிடித்தது. மறைத்துக்கொண்டு அக்காவின் போர்வைக்குள் உட்கார்ந்து படம் பார்த்தேன். நான்காம் தேதி அவளுக்கு வந்தது, எட்டாம் தேதி விட்டது.

ஆனால் கதைசொல்லியே குற்றவாளி என்றால் வாசகருக்குப் பிடிக்குமா? அத்தான் தலையில் கட்டினேன். அவர் வெளியூரிலிருந்து திரும்பியது பன்னிரண்டாம் தேதி. அதனால் கதையில் காய்ச்சல் 14 முதல் 18 வரை.

வலது பக்கம் 14, இடது பக்கம் 4. இரண்டும் ஒன்றையொன்று முறைத்தன. எனக்கு ஒழுங்கு முக்கியம். இடது பக்கத்தில் காய்ச்சல் வந்த, விட்ட தேதிகளைக் குறித்த வரியிலும் 4, 8 இரண்டுக்கும் முன்னால் ஒரு '1' போட்டுவிட்டேன்.

4

நேற்று டாக்டர் போனில் சொன்னார்: "காய்ச்சலுக்காக நிறுத்தி வச்ச மூட்டுவாத மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க, காய்ச்சல் விட்டு ரெண்டு வாரம் ஆகியிருக்கணும். ஞாபகத்துல சொல்லாதீங்க, எழுதி வச்சதைக் கொண்டு வாங்க."

"என் தங்கச்சி எழுதினா அச்சடிச்ச மாதிரி இருக்கும் டாக்டர்," என்றாள் அக்கா.

"நான் எத்தனை தடவை தும்முறேன்னுகூட எழுதுவா," என்றார் அத்தான், பெருமையாக.

5

முடிவுகள்.

அ) நோட்டு தொலைந்துபோகிறது. (அத்தான் தேடி எடுத்துவிடுவார்.)

ஆ) அக்காவிடம் உண்மையைச் சொல்கிறேன். அவள் சிரித்துக்கொண்டே மன்னித்து... சிரிக்க மாட்டாள். மூட்டு வலிக்கும்போது அவள் யாரையும் மன்னித்ததில்லை.

இ)

"எழுதினது போதும்டி, நோட்டைக் கொடு. நேரமாச்சு!" வாசலில் அக்காவுக்குச் செருப்பின் பட்டையை மாட்ட வரவில்லை. அத்தான் குனிந்து மாட்டிவிடுகிறார்.

ஆகவே வாசகரே, அதாவது டாக்டர், இடது பக்கத்தில் 14, 18 என்று இருப்பவை 4, 8. இன்று இருபத்தைந்து. நோட்டுப்படி காய்ச்சல் விட்டு ஏழு நாள், உண்மையில் பதினேழு. மாத்திரையை நீங்கள் முடிவு செய்யுங்கள். உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவளிடம் இதை எப்படிச் சொல்வது என்பதையும்தான்.

நான் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். கூப்பிட்டால் வருவேன்.