இருபத்திரண்டு வினாடி

குளத்தைத் தடங்களாகப் பிரிக்கும் லேன் கயிற்றின் கொக்கி அன்றும் என் விரலைக் கிழித்தது. இன்னும் விடியவில்லை. கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குளிர்ந்த நீரில் அக்கரை வரை இழுத்து நீந்திப் போய், சுவர் வளையத்தில் மாட்டி முறுக்க வேண்டும். மொத்தம் ஏழு கயிறுகள். அதற்கு முன்னால் அடியில் படிந்த அழுக்கை உறிஞ்சு குழாயால் தேய்த்தெடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்புவரை இதையெல்லாம் செய்தவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி. கல்லூரி நீச்சல் குளத்தின் கரையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் உயிர்காப்பாளன். "ரெண்டு கோச் கரையில நிக்கும்போது மூணாவது ஆள் எதுக்கு?" என்று டைரக்டர் அந்த வேலையையே எடுத்துவிட்டார். நாற்காலி சாமான் அறைக்குப் போனது. அவன் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. தலைமைப் பயிற்சியாளர் பதவி காலியாக இருந்தது. "அடுத்த பருவம் உங்களுக்குத்தான், பொறுமையா இருங்க" என்று டைரக்டர் என் தோளில் தட்டியிருந்தார். நானும் ஒரு காலத்தில் அதே நாற்காலியில் தொடங்கியவன்தான். நான்கு வருடம் அங்கே வெயிலில் காய்ந்தேன். பிறகு மூன்று வருடம் ஆழமில்லாத பக்கத்தில் பயந்த பிள்ளைகளின் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக் கைகால் அடிக்கக் கற்றுக்கொடுத்தேன். அதன்பின் பதினோரு வருடம் உதவிப் பயிற்சியாளர், பருவத்துக்குப் பருவம் புது ஒப்பந்தம். இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி.

அந்தப் படியில்தான் பதக்கம் வந்து நின்றான். இன்னொரு பயிற்சியாளன்; பெயர் நான் வைத்தது. வெளிநாட்டுப் போட்டியில் ஒரு வெண்கலம் வாங்கியவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அவன் கழுத்தில் எதுவும் கிடையாது, ஆனால் என் கண்ணுக்கு எப்போதும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நான் விசில் ஊதினால் பிள்ளைகள் இன்னும் நாலு கை அடித்துவிட்டு நிற்பார்கள். அவன் கையைத் தூக்கினாலே போதும், குளமே நின்றுவிடும். அவன் துண்டை மடித்து வைக்கும் விதம்கூட எனக்குப் பிடிக்காது. வீட்டில் அவனைப் பற்றிப் பேசிப் பேசி மனைவியின் காதைப் புண்ணாக்கினேன். "உங்களுக்கு அந்தப் பையன் என்னங்க செஞ்சான்?" என்பாள். நான் மறுபடி அந்தத் துண்டு மடிப்பிலிருந்து தொடங்குவேன்.

அன்று காலை நீரில் குளோரின் பார்ப்பது பதக்கத்தின் முறை. அதுவும் மச்சான் செய்துவந்த வேலைதான். பம்ப் அறையில் புது குளோரின் டிரம்மைத் தூக்க ஒரு ஆள் போதாது என்று பம்ப் ஆபரேட்டர் அண்ணன் கூப்பிட்டார். பதக்கம் தன் பிள்ளைகளைப் பார்த்து, "நான் வர்ற வரைக்கும் மெதுவா நீந்துங்க. யாரும் தண்ணிக்கடியில போகக் கூடாது" என்றான். என் பக்கம் திரும்பினான். "சார், அஞ்சு நிமிஷம், கொஞ்சம் பாத்துக்கோங்க."

நான் முகத்தைத் திருப்பாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் தலை மறைந்ததும் அவனுடைய சிறந்த மாணவி, மூன்றாம் தடத்துப் பெண், மூச்சை இழுத்துக்கொண்டு நீருக்கடியில் போனாள். கோச் பார்க்காதபோது ஒரு சாதனை செய்து காட்டும் ஆசை போலிருக்கிறது. உடனே தடுத்திருக்க வேண்டும். விசில் வாயில்தான் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன்.

என் பிள்ளைகளில் ஒருவரும் ஒரே மூச்சில் குளத்தின் இரண்டு நீளம் போனதில்லை. இவள் போய்விடுவாளோ என்ற பொறாமை. எங்கேயாவது மூச்சு முட்டி மேலே வரட்டும் என்று ஒரு அற்ப ஆசை. முதல் நீளம் முடிந்து திரும்பினாள். சுவருக்கு ஏழு மீட்டர் இருக்கும்போது நீருக்கடியிலேயே அசையாமல் நின்றாள். வாட்ச்சில் நாற்பத்தெட்டு. மூச்சை அடக்கிக் காட்டுகிறாள், திமிர், அவளுடைய வாத்தியார் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்தேன். எண்கள் ஓடின. அவள் கை மெல்லத் திறந்து மிதந்தது. குமிழி எதுவும் வரவில்லை. எழுபதில் குதித்தேன்.

கரையில் கிடத்தியபோது உதடு நீலமாக இருந்தது. நாற்காலியில் இருந்த காலத்தில் கற்றதை என் கைகள் மறக்கவில்லை. மூக்கைப் பிடித்து வாயில் ஊதினேன், மார்பை அழுத்தினேன், மறுபடி ஊதினேன். பிள்ளைகள் அழுதார்கள். பதக்கம் ஓடி வந்து மண்டியிட்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். ஒரு வழியாகத் தண்ணீரைக் கக்கி இருமினாள். அந்த இருமலைப் போல் ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அதே நாள் மதியம் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள். 'பயிற்சியாளர் யாரிடமும் சொல்லாமல் குளக்கரையை விட்டுப் போனார். இதை நான் நேரில் கண்டேன்.' கீழே என் பெயருக்கு இடம்.

"நீங்கதான் அந்தப் பொண்ணைக் காப்பாத்துனீங்க. கல்லூரி மறக்காது" என்றார். "அவனை அனுப்பிடுறோம். தலைமைப் பயிற்சியாளர் நாற்காலி உங்களுக்குத்தான்."

"அவரு போனது டிரம் தூக்க, சார்."

"அதை நீங்க ஏன் எழுதணும்?"

"நாற்காலியில ஆள் இருந்திருந்தா..."

"அந்தப் பேச்சு வேண்டாம். நாளைக் காலைல கையெழுத்தோட வாங்க."

தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பதற்கில்லை. பதினெட்டு வருடம் ஏங்கியது கைக்கு வந்துவிட்டது; அதுவும் பதக்கத்தைத் தள்ளிவிட்டு.

வீட்டில் மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தாளைக் காட்டினேன். சோற்றில் கையை வைத்தபடியே படித்தான்.

"மாமா, அவ அசையாம நின்னது எத்தனையாவது செகண்டு?"

"நாப்பத்தெட்டு."

"நீங்க குதிச்சது?"

"எழுபது."

அவன் கோபப்படவில்லை. "நான் மேல உக்காந்திருந்தா ஐம்பதுல தண்ணியில இருப்பேன்" என்று மட்டும் சொன்னான். மனைவி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "என் தம்பிக்கு வேலை போனப்பவும் சும்மா இருந்தீங்க. இப்ப இதுக்கும் கையெழுத்துப் போடப்போறீங்களா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே கிளம்பினேன். கால் பதக்கத்தின் அறைக்குத்தான் போனது. ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவன் தோற்றுப்போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் ஆசையும் இருந்திருக்கலாம்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கொடியில் ஈர நீச்சலுடை. சுவரில் பதக்கம் எதுவும் இல்லை. என்னுடையதைப் போலவே, பருவம் முடிந்ததும் காலாவதியாகும் ஒப்பந்தத் தாள்தான் ஆணியில் குத்தியிருந்தது. டீ போட்டுக் கொடுத்தான்.

"ரெண்டு வருஷமா டைரக்டருக்கு ஒரே பேச்சு சார்" என்றான். "'அடுத்த பருவம் உங்களுக்குத்தான், பொறுமையா இருங்க'ன்னு."

தம்ளரைக் கீழே வைத்தேன். அதே வார்த்தைகள். தோளில் தட்டியதும் அதே கையாகத்தான் இருக்கும்.

"என்கிட்ட சொல்லிட்டுத்தான போனீங்க? அதை ஏன் டைரக்டர்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க வேலையும் போகும். ரெண்டு பேர் போறதுல யாருக்கு என்ன லாபம்?" என்று தம்ளரைக் கழுவினான். "உங்களைப் பாத்து எனக்கு ரொம்பப் பொறாமை சார். பயந்த பிள்ளைங்க எல்லாம் உங்ககிட்டதான் தண்ணியில இறங்குவாங்க. எனக்கு அது வரவே இல்லை."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நல்ல மனுஷனாக இருப்பதிலும் இவன் என்னை முந்திவிட்டானே! அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன். "நான் சும்மா நிக்கல தம்பி. அவ முங்கினதைப் பாத்து வாட்ச் அழுத்தினேன். அவ அசையாமப் போனப்புறமும் இருபத்திரண்டு வினாடி எண்ணிக்கிட்டு நின்னேன்."

அவன் குழாயை மூடி, கழுவிய தம்ளரைக் கவிழ்த்து வைத்தான். பிறகு, "இதை மத்தவங்ககிட்டயும் சொல்வீங்களா?" என்றான்.

சொன்னேன். அன்று சாயங்காலமே பம்ப் அறையில், மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்திச் சொன்னேன். பம்ப் அண்ணன், உடைமாற்றும் அறையைக் கழுவும் அக்கா, டிக்கெட் ஜன்னல்காரர், பதக்கம், மச்சான், எல்லாரும் இருந்தார்கள். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காறித் துப்பணும் போல இருக்கு. ஆனா நாளைக்கு என்னையும் ஈரத் தரையைக் கழுவிக்கிட்டே தண்ணியையும் பாரும்பாங்க" என்றாள். "நாற்காலி திரும்பி வரணும். அதுவரைக்கும் கயிறு கட்ட வேண்டாம்."

பம்ப் அண்ணன் மோட்டாரின் மேல் கை வைத்தார். "இது மட்டும் ஓடட்டும். தண்ணி கெட்டுடக் கூடாது. மத்தபடி நானும் உங்களோடதான்."

மறுநாள் விடியுமுன் சாமான் அறைப் பூட்டைத் திறந்து நாற்காலியைத் தூக்கி வந்தோம். நாலு பேர் தூக்கியும் கனத்தது. துருப்பிடித்த கால்களைக் கரையில் ஊன்றினோம். மச்சான் ஏறி உட்கார்ந்தான். குளத்தில் ஒரு கயிறும் இல்லை. தண்ணீர் ஒரே பரப்பாகக் கிடந்தது. வந்த பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு எங்கள் பின்னால் நின்றார்கள்.

டைரக்டர் ஏழு மணிக்கு வந்தார். நேராக என்னிடம்தான் வந்தார்.

"தாள் எங்கே?"

என் தாளைக் கொடுத்தேன். நானே கையால் எழுதியது. டிரம், நாற்காலி, என் இருபத்திரண்டு வினாடி, எல்லாம் அதில் இருந்தன. கீழே என்னோடு சேர்த்து ஆறு கையெழுத்து.

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்க" என்றார்.

"தெரியும் சார்."

"யாரு அவன், மேல உக்காந்திருக்கிறது? வேலையில இல்லாதவன். இறங்கச் சொல்லு!"

"அவரு இறங்கினா யாரு தண்ணியைப் பாக்குறது?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"போலீசைக் கூப்பிடுவேன். மொத்தப் பேரையும் மாத்திடுவேன். யாரு இதுக்குத் தலைமை? முன்னால வாங்க பாப்போம்!"

யாரும் அசையவில்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடம் கண்முன்னால் கரைந்துபோவது தெரிந்தது.

பதக்கம் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. இதிலுமா இவன் முதலில்? நான் இரண்டு அடி வைத்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னும் ஒரு அடி வைத்து என் பக்கத்தில் வந்து நின்றான். பின்னால் ஈரத் தரையில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. அதன்பின் ஒவ்வொரு காலடியாகக் கேட்க ஆரம்பித்தது.